ஷெர்மன் கவுண்டியின் தட்பவெப்பம்: சராசரியை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஷெர்மன் கவுண்டிக்கு (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு), குட்லாண்ட் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்கு, ஒரு குடும்பம் குடிபோகிறது. ஆண்டு சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ், மழை 48 செ.மீ. என்று பார்த்திருக்கிறார்கள். மிதமான, கொஞ்சம் வறண்ட ஊர் என்று எடுத்துக்கொள்ளலாமா? வீடு, வண்டி, தோட்டம் ஆகியவற்றுக்கு என்ன முன்னேற்பாடு வேண்டும்?

எண்களில் பிழையில்லை. ஆனால் அவற்றை வைத்து மிதமான ஊர் என்று முடிவுகட்டினால் முதல் குளிர்காலத்திலேயே சிரமப்படுவீர்கள். ஜனவரி விடியற்காலையின் மைனஸ் 20-ஐயும் ஜூலை மதியத்தின் 38-ஐயும் சேர்த்துக் கூட்டி வகுத்ததில் கிடைத்ததுதான் அந்த 11. மழையும் அப்படித்தான்: வறட்சி ஆண்டில் 30 செ.மீ.க்கும் கீழே இறங்கும், நல்ல ஆண்டில் 60-ஐத் தாண்டும். எந்த அளவுக்கு ஏறி இறங்கும், எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத்தான் இங்கே குடிவருகிறவர் கேட்க வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள கன்சாஸ் சிட்டி கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே வர வர நிலம் கண்ணுக்குத் தெரியாமல் உயர்ந்து குட்லாண்டில் சுமார் 1,120 மீட்டரைத் தொடுகிறது. மாநிலத்திலேயே உயரமான இடமான மவுண்ட் சன்ஃப்ளவர் (1,231 மீட்டர்) தெற்கே அடுத்துள்ள வாலஸ் கவுண்டியில் இருக்கிறது. அதுவும் மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஒரு மேடுதான். மேற்கே ராக்கி மலைகள் ஏறக்குறைய 300 கி.மீ. தள்ளி நிற்கின்றன. மெக்சிகோ வளைகுடா தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். வடக்கே ஆர்க்டிக் வரை குளிர்காற்றை மறிக்கக் குறுக்கே ஒரு மலைத்தொடர்கூடக் கிடையாது.

மேற்கிலிருந்து வரும் காற்று மலைமேல் ஈரத்தைக் கொட்டிவிட்டு இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். ஆகவே மேற்குக் காற்று அடிக்கும் ஜனவரி நாளில் 18 டிகிரிகூட வரும். சட்டையோடு வெளியே நிற்கலாம். அன்று மாலையே வடக்கிலிருந்து குளிர்முகப்பு, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, இறங்கினால் கதை வேறு. 2022 டிசம்பர் 21 அன்று டென்வர் விமான நிலையத்தில் ஒரே மணி நேரத்தில் சுமார் 20 டிகிரி சரிந்தது. அதே குளிர்முகப்புதான் அன்றிரவு இந்தச் சமவெளி முழுவதையும் கடந்துபோனது. எனவே குளிர்காலத்தில் காலையில் என்ன குளிர் என்று பார்த்து உடுத்திக்கொண்டு கிளம்பக் கூடாது. மாலையில் என்ன வரும் என்று பார்த்துக் கிளம்ப வேண்டும். கனத்த மேலங்கி, கையுறை, தொப்பி மூன்றும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வண்டியிலேயே கிடக்கட்டும்.

வழக்கமான கணக்கு இது: ஜனவரியில் பகல் 5, 6 டிகிரி, இரவு மைனஸ் 8. ஜூலையில் பகல் 32, இரவு 16, 17. சில நாட்கள் 38-ஐத் தாண்டும், 40-ம் புதிதல்ல. உயரமும் வறண்ட காற்றும் சேர்வதால் பகலில் ஏறிய சூடு இரவில் தங்குவதில்லை. வெயில் காலத்திலும் இரவில் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்கலாம். இந்த ஒன்றை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொர்க்கம் என்று சொல்லலாம். உயரத்தால் சமையலறையிலும் ஒரு மாற்றம் உண்டு: தண்ணீர் 96 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். குக்கர் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

இனி காற்று. புதிதாக வருகிறவர்கள் குறைத்து மதிப்பிடுவது குளிரையோ வெயிலையோ அல்ல, காற்றைத்தான். ஆண்டு முழுவதற்குமான சராசரி வேகமே மணிக்கு 20 கி.மீ. அளவில் இருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் 50, 60 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க அடிப்பது சாதாரணம். காற்று சேர்ந்தால் குளிர் எப்படி மாறும் என்பதற்கு ஒரு கணக்கு: வெப்பநிலை மைனஸ் 18, காற்று மணிக்கு 24 கி.மீ. என்றால் உடம்பு உணரும் குளிர் மைனஸ் 28. அந்த நிலையில் மூடாத காது, மூக்கு, விரல் அரை மணி நேரத்தில் உறைந்து திசு பாழாகும். இத்தனைக்கும் 24 கி.மீ. என்பது இங்கே ஒரு சாதாரண நாளின் காற்று.

காற்றோடு மண்ணும் வரும். கவுண்டியின் மேல்மண் காற்றே ஒரு காலத்தில் கொண்டுவந்து படியவைத்த மென்மையான வண்டல். ஈரத்தை அருமையாகப் பிடித்துவைக்கும். ஆனால் காய்ந்து, மேலே அறுத்த பயிரின் தாள் எதுவும் இல்லாமல் கிடந்தால் கிளம்பிவிடும். 1930-களின் தூசிப் புயல் காலத்தில், 1935 ஏப்ரல் 14 ‘கறுப்பு ஞாயிறு’ உட்பட, இந்தச் சமவெளியில் நடந்தது அதுதான். அன்றைய பேரழிவுக்குப் பிறகு உழவு முறைகள் வெகுவாக மாறிவிட்டன. ஆனாலும் அபாயம் தீரவில்லை. 2025 மார்ச் 14 அன்று இதே ஷெர்மன் கவுண்டியில், ஐ-70 நெடுஞ்சாலையில், தூசியால் எதிரே எதுவும் தெரியாமல் 70-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதி 8 பேர் இறந்தார்கள்.

தூசிச் சுவர் ஒன்று சாலைக்குக் குறுக்கே தெரிந்தால் உள்ளே நுழையாதீர்கள். முந்தைய வெளியேறு வழியில் இறங்கி நில்லுங்கள். சிக்கிக்கொண்டால் சாலையின் ஓடுபாதையை விட்டு முடிந்த அளவு தள்ளி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, கை பிரேக்கைப் போட்டு, காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கை எரியவிட்டால் பாதுகாப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, ‘முன்னால் போகும் வண்டியின் விளக்கு, சாலை அங்கேதான் இருக்கிறது’ என்று நினைத்து நேரே வந்து மோதுவார். பிரேக் மிதித்தாலும் விளக்கு எரியும் என்பதால்தான் காலையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

மழைக்கு வருவோம். மே முதல் ஆகஸ்டு வரையிலான நான்கு மாதங்களில் ஆண்டு மழையின் அறுபது சதவீதத்துக்கு மேல் விழுந்துவிடும். பெரும்பாலும் இடிமழை. கொலராடோவின் மலையோரத்தில் பிற்பகலில் எழும் மேகங்கள் கிழக்கே நகர்ந்து, மாலை அல்லது முன்னிரவில் இங்கே வந்து சேரும். வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்திருந்தால் அவை இங்கே வலுக்கும். வறண்ட மேற்குக் காற்று முந்திக்கொண்டால் இடி மட்டும் கேட்கும், மழை தரையைத் தொடுமுன் காற்றிலேயே ஆவியாகிவிடும். ஒரு பண்ணையில் அரை மணி நேரத்தில் 4 செ.மீ., நாலு மைல் தள்ளி அடுத்த பண்ணையில் ஒரு சொட்டும் இல்லை என்பது இங்கே வாடிக்கை. விமான நிலையத்தில் பதிவான மழையை உங்கள் வீட்டு மழையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் சொந்தமாக ஒரு மழைமானி வையுங்கள். சந்தையில் விற்கும் சிறிய கண்ணாடிக் குழாய்கள் இந்தக் காற்றுக்கு உதவா. தன்னார்வ மழை அளவீட்டு வலையமைப்பான ‘கோகோராஸ்’ பயன்படுத்தும் 4 அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் மானியை வாங்குங்கள். 1997-ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் ஏற்பட்ட வெள்ளத்துக்கு மறு ஆண்டு தொடங்கிய அமைப்பு அது. ஊருக்குள்ளேயே இடத்துக்கு இடம் மழை எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கத்தான் பிறந்தது. மானியின் புனலுக்குள் விழும் நீர் உள்ளே இருக்கும் மெல்லிய குழாயில் சேரும். குழாயின் பரப்பு புனலின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு என்பதால் நீர்மட்டம் பத்து மடங்கு உயர்ந்து தெரியும். கால் மில்லிமீட்டரைக்கூடப் படித்துவிடலாம். ஓர் அங்குலத்துக்கு மேல் பெய்தால் உள்குழாய் நிரம்பி வெளிக்குழாயில் வழியும். முதலில் உள்குழாயைக் கொட்டிவிட்டு, வழிந்ததை அதில் ஊற்றி அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசியில் புனலையும் உள்குழாயையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் நீர் உறைந்து குழாய் வெடிக்கும். பனி வெறும் வெளிக்குழாயில் விழட்டும். அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, ஊற்றிய அளவைக் கழித்துவிட்டால் பனியிலிருந்த நீர் எவ்வளவு என்று கிடைத்துவிடும். ஆனால் காற்றோடு வரும் பனியில் பாதி மானிக்கு மேலாகவே பறந்துவிடும். எனவே புயல் ஓய்ந்ததும், பனி குவியாத, அரிக்கப்படாத ஒரு சமதளத்தில் அதே குழாயைக் கவிழ்த்து அழுத்தி எடுத்து, அதையும் உருக்கிப் பாருங்கள்.

இந்த 48 செ.மீ. மழையை வைத்து எப்படிக் கோதுமை விளைகிறது என்று புரிந்துகொண்டால் கவுண்டியின் தட்பவெப்பமே புரிந்துவிடும். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஆவியாவது இங்கே பெய்யும் மழையைப் போலச் சுமார் மூன்று மடங்கு. ஆகவே மானாவாரி விவசாயி வானத்திலிருந்து வருவதைவிட மண்ணில் சேர்த்துவைத்ததையே நம்புகிறார். இந்த வண்டல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 16 செ.மீ. நீரைப் பயிருக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கும். கோதுமை, பிறகு மக்காச்சோளம் அல்லது சோளம், பிறகு ஒரு பருவம் தரிசு என்று மூன்று ஆண்டுச் சுழற்சி. தரிசுக் காலத்தில் பெய்யும் மழையில் நாலில் ஒரு பங்கு மண்ணில் தங்கினாலே பழைய உழவு முறைக்கு அது நல்ல கணக்கு. உழாமல், அரிதாளை நிற்கவிட்டால் மூன்றில் ஒரு பங்கை எட்டலாம். கதிரை மட்டும் உருவி எடுத்துத் தாளை முழு உயரத்துக்கு விட்டுவிடும் அறுவடை முனையை இங்கே பலர் விரும்புவது அதனால்தான். நிற்கும் தாள் காற்றைத் தரையிலிருந்து தூக்கிவிடும், வெயிலை மறைக்கும், குளிர்காலப் பனியைப் பிடித்து வயலிலேயே வைக்கும்.

மண்ணில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் நீள இரும்புக் கம்பி, முனையில் கம்பியைவிடச் சற்றே பருத்த ஒரு குண்டு, மேலே குறுக்குக் கைப்பிடி. திருகாமல் நேராக உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வறண்ட மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் குத்திப் பார்த்தால் போதும். செப்டம்பர் நடுவில் கோதுமை விதைக்கும்போது ஒரு மீட்டர் ஆழம் ஈரமிருந்தால் நிம்மதி. நாற்பது செ.மீ.யிலேயே நின்றுவிட்டால் அந்த ஆண்டு முழுக்க வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

அறுவடை ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம். நடுவே பயிருக்கு ஆபத்தான கட்டம் வசந்தகால உறைபனி. கடைசி உறைபனி சராசரியாக மே முதல் வாரத்தில். நடு மே வரையிலும் வரக்கூடும். தண்டு கணு விடும் பருவத்தில் மைனஸ் 4 டிகிரி இரண்டு மணி நேரம் நீடித்தால் வளர்குருத்து சாகும். கதிர் உறைக்குள் இருக்கும்போது மைனஸ் 2, கதிர் வெளிவந்துவிட்டால் மைனஸ் 1 போதும். மார்ச்சில் 25 டிகிரி வெயில் அடித்து எல்லாரும் மகிழும் ஆண்டுகளில்தான் சேதம் அதிகம், ஏனென்றால் பயிர் அவசரப்பட்டு அடுத்த பருவத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் தோட்டத்துக்கும் இதே விதி: தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை நடு மேக்கு முன் வெளியே நடாதீர்கள். முதல் உறைபனி அக்டோபர் முதல் வாரத்தில் வந்துவிடும் என்பதால் 70, 75 நாளில் காய்க்கும் ரகமாகப் பாருங்கள்.

கிணற்றுப் பாசன வயல்கள் ஓகலாலா எனும் பழைய நிலத்தடி நீர்ப்படுகையைக் குடிக்கின்றன. இங்கே மழையால் அது ஊறுவது மிகமிகக் குறைவு, எடுப்பதோ அதிகம். கிழக்கே ஒரு கவுண்டி தள்ளியுள்ள ஷெரிடன் கவுண்டியின் ஒரு பகுதியில் 2013 முதல் விவசாயிகளே ஒப்புக்கொண்டு, ஐந்து ஆண்டுக்கு ஏக்கருக்கு 55 அங்குலம் என்று தங்களுக்கு வரம்பு வைத்துக்கொண்டார்கள். ஐந்தாண்டுக் கணக்கு என்பதால் நல்ல மழை ஆண்டில் மிச்சம் பிடித்து வறட்சி ஆண்டில் பயன்படுத்தலாம். இந்த ஊர்த் தட்பவெப்பத்தை உள்ளபடி அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது. மனமார மதிக்கிறேன்.

ஆலங்கட்டி மழை தனிப் பேச்சு. இந்தக் கவுண்டியும் கிழக்குக் கொலராடோவும் நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியும் அமெரிக்காவிலேயே ஆலங்கட்டி அதிகம் விழும் வட்டாரத்தில் இருக்கின்றன. காரணம் உயரம். நிலம் ஏற்கெனவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பதால், மேகத்தில் உறைநிலை மட்டத்துக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு; வறண்ட காற்று வேறு. விழும் கட்டி உருக நேரமில்லை. மேற்கே அடுத்துள்ள கிட் கார்சன் கவுண்டியில் 2019 ஆகஸ்டு 13 அன்று பெத்யூன் அருகே விழுந்த கட்டி 4.83 அங்குல விட்டம். அப்போதைய கொலராடோ சாதனை. 2023-ல் யூமா கவுண்டியில் அதைவிடப் பெரியது விழுந்தது.

ஆகவே வீடு வாங்கும்போது கூரையைத்தான் முதலில் கேளுங்கள். நான்காம் வகுப்பு என்று சான்று பெற்ற கூரை ஓடு, 2 அங்குல இரும்புக் குண்டை 6 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டாலும் விரிசல் விடாதது. விலை கூடுதல்தான், பல காப்பீட்டு நிறுவனங்கள் அதற்குத் தவணையில் தள்ளுபடி தருகின்றன. காப்பீட்டுப் பத்திரத்தில் காற்று-ஆலங்கட்டிக்கு மட்டும் தனியாக ‘உங்கள் பங்கு’ என்று ஒரு வரி இருக்கும். அது வீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம் என்று எழுதியிருந்தால், இரண்டு லட்சம் டாலர் வீட்டுக்கு நீங்கள் கையிலிருந்து 2,000 முதல் 4,000 டாலர் கட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். உலோகக் கூரை என்றால், தோற்றம் மட்டும் நசுங்கிய சேதத்துக்குப் பணம் இல்லை என்ற விதிவிலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டொர்னாடோ எனும் சுழல்காற்றுப் பயத்துக்கு நிலவறை உள்ள வீடாகப் பார்த்தால் போதும். பெரும்பாலானவை திறந்த வயலில் சில நிமிடம் சுழன்று அடங்கிவிடும். அடங்காதவை எவை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் எச்சரிக்கை வந்தால் கேள்வி கேட்காமல் கீழே இறங்குங்கள்.

பனி ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் விழும். ஆனால் விழுந்த இடத்தில் கிடக்காது. 56 கி.மீ.க்கு மேல் காற்று, 400 மீட்டருக்குள் பார்வை, இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் நீடித்தால் அது பனிப்புயல். புதிதாகப் பனி பெய்யாமலே, தரையில் கிடப்பது கிளம்பியும் பனிப்புயல் வரும். மேலே நீல வானம், சாலையில் வெள்ளைச் சுவர். அப்படிப்பட்ட நாட்களில் குட்லாண்டிலிருந்து கொலராடோ எல்லை வரை ஐ-70-ஐத் தடுப்புப் போட்டு மூடிவிடுவார்கள். கிளைச் சாலையில் புகுந்து போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே சிக்கினால் தேடி வரவும் ஆளில்லை. கவுண்டி முழுவதற்கும் சுமார் 6,000 பேர்தான்.

பண்ணை வீட்டுக்கு வடக்கிலும் மேற்கிலும் காற்றுத் தடுப்பு மரவரிசை வேண்டும். செந்தேவதாரு, ராக்கி மலை ஜூனிப்பர் இரண்டும் தாக்குப்பிடிக்கும். முதல் மூன்று ஆண்டு சொட்டுநீர் இல்லாமல் பிழைக்காது. வீட்டுக்கு மிக அருகே நட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. மரவரிசை காற்றை மெதுவாக்கியதும் பனி அதன் பின்னால்தான் குவியும். உள்வரிசைக்கும் வீட்டுக்கும் 30 மீட்டராவது விடவில்லையென்றால் அந்தக் குவியல் உங்கள் வாசலில்தான். தண்ணீர்க் குழாய் 90 செ.மீ.க்குக் கீழே பதித்திருக்கிறதா என்று கேளுங்கள், நிலம் அந்த ஆழம் வரை உறையக்கூடும். டீசல் வண்டி வைத்திருந்தால் மைனஸ் 10-ஐ ஒட்டியே சாதாரண டீசலில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிர்காலக் கலவையை நவம்பரிலேயே நிரப்பி, இரவில் என்ஜின் சூடேற்றியைச் செருகிவையுங்கள்.

கடைசியாக நேர மண்டலம். ஷெர்மன் கவுண்டி மவுண்டன் நேரத்தில் இயங்குகிறது. கிழக்கே அடுத்துள்ள தாமஸ் கவுண்டி சென்ட்ரல் நேரத்தில், ஒரு மணி முன்னே. தேசிய வானிலைச் சேவையின் குட்லாண்ட் அலுவலகம் இரண்டுக்கும் எச்சரிக்கை விடுகிறது. ‘இரவு 8:15 வரை’ என்று கைபேசியில் கண்டால் எந்த மண்டலத்து 8:15 என்று பாருங்கள். புயல் தாமஸ் கவுண்டிப் பக்கம் இருக்கிறது என்றால் உங்கள் கடிகாரத்தில் அது 7:15. கைபேசிச் சமிக்ஞை எட்டாத வயல்கள் நிறைய இருப்பதால், 162 மெகாஹெர்ட்ஸ் வானிலை வானொலி ஒன்றை மாற்று மின்கலத்தோடு படுக்கையறையில் வைத்து, ஷெர்மன் கவுண்டிக்கான குறியீட்டை மட்டும் அதில் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் நாலு கவுண்டி எச்சரிக்கைக்கும் நள்ளிரவில் அலறும். இரண்டாம் வாரமே அதை அணைத்துப் போட்டுவிடுவீர்கள்.